இசட்எஃப்எஸ் மீது வீண்பழி

வெள்ளிமலையில் ஒரு பள்ளி விடுதியோ கூட்டுறவு அலுவலகமோ பழைய கணினி ஒன்றைச் சர்வராக்க நினைக்கிறது என்று வையுங்கள். நான்கு ஹார்டு டிஸ்க்கை ஒரே பூலாகச் சேர்த்து இசட்எஃப்எஸ் கோப்பு முறையைப் போடலாமா என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் பலரும் தலையை ஆட்டுவார்கள்: "வேண்டாம் சார். அது ராமைத் தின்னும், கர்னல் பேனிக் ஆகும், டெராபைட்டுக்கு ஒரு ஜிபி கேட்கும், இசிசி ராம் இல்லாமல் தொடவே கூடாது." நான்கு குற்றச்சாட்டு. நான்கிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் தீர்ப்பு தவறு.

முதலாவது, ராமைத் தின்னும் என்பது. இசட்எஃப்எஸ் அடிக்கடி படிக்கும் தரவை 'ஆர்க்' என்ற கேஷில் வைத்துக்கொள்கிறது. ஐபிஎம் ஆய்வகத்தில் நிம்ரோட் மெகிடோவும் தர்மேந்திர மோதாவும் 2003இல் வெளியிட்ட முறை அதற்கு அடிப்படை. சும்மா கிடக்கும் ராம் தரிசு நிலம். ஆர்க் அதில் பயிர் வைக்கிறது. குழப்பம் கணக்குக் காட்டுவதில் இருக்கிறது. லினக்ஸில் 'ஃப்ரீ' கட்டளை கொடுத்தால், மற்ற கோப்பு முறைகளின் கேஷ் தனிப் பத்தியில் வரும். ஆர்க் மட்டும் 'யூஸ்டு' பத்தியில் விழும். 16 ஜிபி ராமில் 9 ஜிபி போயிற்று என்று பதறுகிறவர், 'ஆர்க் சம்மரி' கட்டளையையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். பெரும்பகுதி கேஷ்தான் என்பது தெரிந்துவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மெய்நிகர் கணினி திடீரென 4 ஜிபி கேட்டால், ஆர்க் அதே வேகத்தில் இடம் விடாமல் போகலாம். அப்போது லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். இதற்கு மருந்து ஒரே வரி: மாட்யூல் அமைப்புக் கோப்பில் 'ஆர்க் மேக்ஸ்' அளவை 2147483648 பைட், அதாவது 2 ஜிபி, என்று எழுதி ரீபூட் செய்வது. மெய்நிகர் கணினிகளை நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் அதன் இன்ஸ்டாலரே ராமில் பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு கட்டிவிடுகிறது.

இரண்டாவது, கர்னல் பேனிக், அதாவது இயங்குதளமே நின்றுபோவது. இது 32 பிட் காலத்துக் கதை. பாவெல் யாகுப் தவிதெக் 2007இல் இசட்எஃப்எஸ்ஸை ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்குக் கொண்டுவந்தார். அன்றைய 32 பிட் கணினியில் மொத்த முகவரி வெளி 4 ஜிபி; கர்னலுக்குக் கிடைத்தது 1 ஜிபிதான். கர்னலின் நினைவக வரைபடம் போதவில்லை என்ற செய்தியோடு சர்வர் படுத்துவிடும். ஆர்க்கை வெறும் 40 எம்பிக்குள் அடக்கும் அமைப்பை ஃப்ரீபிஎஸ்டி கையேடே அப்போது எடுத்துக்காட்டாகத் தந்தது. 64 பிட் வந்தபின் அந்த நெருக்கடியின் வேரே அறுந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதே எண்களை இன்றைய சர்வரில் ஒட்டுகிறவர்கள்தான் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துப் புது நோயை வரவழைக்கிறார்கள்.

மூன்றாவது, டெராபைட்டுக்கு ஒரு ஜிபி. இது கட்டைவிரல் கணக்கு. ராம் தேவையைத் தீர்மானிப்பது பூலின் கொள்ளளவைவிட, தினமும் எவ்வளவு தரவு மறுபடி மறுபடி படிக்கப்படுகிறது என்பதே. 8 டெராபைட் பாடக் காணொளியை எப்போதாவது ஒருவர் பார்க்கும் சர்வருக்கு 4 ஜிபி ராமே போதும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இந்தப் பயம் முழுக்க நியாயமாகும் இடம் ஒன்றுண்டு: டீடூப்ளிகேஷன், அதாவது ஒரே பிளாக் பலமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் சேமிப்பது. ஒவ்வொரு பிளாக்குக்கும் ராமில் சுமார் 320 பைட் வேண்டும். 64 கேபி பிளாக்குகளாக ஒரு டெராபைட் என்றால் சுமார் 1 கோடியே 68 லட்சம் பிளாக்; 5 ஜிபி அதற்கே போய்விடும். அந்த வசதியை அணைத்தாலும் ஏற்கெனவே எழுதியதன் அட்டவணை அப்படியே நிற்கும். தரவை வேறிடம் மாற்றித் திரும்ப எழுதினால்தான் தீரும். ஆகவே சிறிய சர்வரில் அதைத் தொடாதீர்கள். இடம் மிச்சமாக வேண்டுமென்றால் எல்இசட்4 சுருக்கம் போதும்.

நான்காவது, பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம். ராம் கெட்டால் எந்தக் கோப்பு முறையும் கெட்ட தரவைத்தான் எழுதும். இந்த விஷயத்தில் இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் தனியாக இசிசி தேவை என்று எதுவும் இல்லை என்று, அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மேத்யூ அஹ்ரென்ஸே சொல்லியிருக்கிறார். இசிசி இருந்தால் நல்லது. இல்லையென்றால், தரவு கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் செக்சம் இல்லாத கோப்பு முறைக்கு ஓடுவது தீர்வாகாது. தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓட்டும்போது எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் செக்சம் பிழை வந்தால், டிஸ்க்கைக் குறை சொல்லுமுன் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போடுங்கள். கேபிளையும் பவர் சப்ளையையும் பாருங்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஆள் மலையேறி வந்து பழுது பார்க்க வேண்டிய வெள்ளிமலை போன்ற ஊருக்கு, நடுவில் மின்சாரம் போனாலும் பழைய தரவின்மேல் எழுதாத, கெட்டுப்போன பிளாக்கைத் தானே கண்டுபிடித்து, மிரர் இருந்தால் அதிலுள்ள நகலிலிருந்து சரிசெய்யும் கோப்பு முறைதான் ஏற்றது. 64 பிட் கணினி, ஆர்க்குக்கு ஒரு வரம்பு, டீடூப்ளிகேஷன் இல்லை, மாதம் ஒரு ஸ்க்ரப். இந்த நான்கும் இருந்தால் தயங்காமல் போடுங்கள்.