மஞ்சள் கடுதாசியில் ஒரு குடும்பம்

1936இல் ரமணாசிரம நிர்வாக உரிமை வழக்குக்காக, கமிஷன் ஆசிரமத்திற்கே வந்து ரமணரிடம் வாக்குமூலம் பெற்றது. அச்சேறியதால் அதை இன்றும் வாசிக்கிறோம். அவ்வட்டாரத்தில் 'மஞ்சள் கடுதாசி' கொடுத்தோரின் தாள்களை யார் வாசித்தோம்?

1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி மனுதாரர் தம் கடன்கள், கடன் கொடுத்தவர்கள், சொத்துகள் அனைத்தையும் எழுதித் தரவேண்டும். சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போன்றவை ஜப்திக்கு விலக்கு. எத்தனை நாவல்களில் இவ்வளவு துல்லியமான குடும்பச் சித்திரம் கண்டோம்?

திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். பழைய கட்டுகளுக்கு வேலூரிலும் தேடவேண்டும். காலம் கடந்த கட்டுகளை அழிக்க விதிகள் இடமளிக்கின்றன. ஒரே பத்து நாவல்களை மாறிமாறி ஆய்வேடாக்கும் (ஆக்கச் சொல்வதும் நாம்தான்!) நம் மாணவரை, அதற்குள் ஒரு பருவமேனும் நீதிமன்றப் பதிவறைக்கு அனுப்பலாமே?