அய்ந்தாவது கால்

'அசல் ரோமானியச் சமையல்' என்று பலகை போட்டிருந்தார்கள். சென்னையில் பெரிய மனிதர்கள் நடமாடும் பகுதியில் ஒரு கடை. தோழர் ஒருவர் கூப்பிட்டார், போனேன். அட்டையைப் புரட்டினால் பாலாடைக்கட்டி, கத்தரிக்காய், காளான், கோழி. மாட்டுவால் எங்கே? குடல் எங்கே? பரிமாறுகிற தம்பியைக் கேட்டேன். குனிந்து மெதுவாகச் சொன்னான்: "அதெல்லாம் வைக்கிறதில்ல சார். குடும்பத்தோட வர்ற இடம்."

ஏன், எங்களுக்கெல்லாம் குடும்பம் இல்லையா?

ரோமில் டெஸ்டாச்சோ என்று ஒரு பகுதி. 1890 வாக்கில் தொடங்கி 1975 வரை அந்த நகரத்தின் மாட்டுத்தொட்டி அங்கேதான் இருந்தது. வெட்டிய மாட்டின் நாலு கால்பங்கும் காசுள்ளவன் வீட்டுக்குப் போய்விடும். மிஞ்சுகிற வால், குடல், ஈரல், தலை இவற்றுக்கு 'அய்ந்தாவது கால்பங்கு' என்று பெயர். மாடறுத்தவர்களுக்கும் தோலுரித்தவர்களுக்கும் கூலியில் ஒரு பகுதியாக அதைத்தான் கொடுத்தார்கள். அவர்களுக்கு வாச்சினாரி என்று பெயர். வாலைத் தக்காளியோடும் செலரித் தண்டோடும் மணிக்கணக்கில் வேகவைத்து அவர்கள் ஆக்கிய குழம்பு இன்றைக்கும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது: கோடா அல்லா வாச்சினாரா. மாடறுக்கிறவர் வீட்டு வால்கறி. ரோம் நகரம் அதைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

ரோமைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் வறுமைதான் அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றியது. ஆனால் வால் தின்றவன் தெருவில் நடக்கக் கூடாது, கிணற்றைத் தொடக் கூடாது என்று அங்கே எவனும் சாத்திரம் எழுதி வைக்கவில்லை. இங்கே? செத்த மாட்டைத் தூக்க வைத்தவனே, அதைத் தின்றவனை இழிந்தவன் என்றான். பவுத்தத்தின் மேலிருந்த வெறுப்பும் மாட்டுக்கறியும்தான் தீண்டாமையின் வேர் என்று 1948-இலேயே அண்ணல் அம்பேத்கர் 'தீண்டப்படாதார்' நூலில் வாதிட்டார்.

"வியாபாரம்தானேப்பா, விக்கிறதைத்தான் வைப்பான்" என்றார் தோழர். சரி, அரசாங்கமும் வியாபாரமா பண்ணுகிறது? 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. தெருவுக்குத் தெரு அது விற்கிற ஊரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். ஆம்பூரின் பெயர் வேண்டும், ஆம்பூர்க்காரன் சட்டி வேண்டாம். ரோமின் பெயர் வேண்டும், டெஸ்டாச்சோக்காரன் சட்டி வேண்டாம். இரண்டையும் வடிகட்டுவது ஒரே சல்லடை. அதற்குப் பெயர் சாதி.

அந்தக் கடையில் வால்கறி போடுங்கள் என்று யாரும் கெஞ்சவில்லை. அது எங்க அம்மா அடுப்பிலேயே வேகிறது. கேட்பது ஒன்றுதான். உழைத்தவன் சட்டியை மேசைக்குக் கொண்டு வா. முடியாதென்றால் பலகையிலிருந்து 'அசல்' என்கிற சொல்லை அழி.