துப்பாக்கிக்கு அளவெடுப்பவர்

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி தையல்கடை வாசலில் தவம் கிடந்தவர்களுக்கு இந்த வாரச் சமாசாரம் சட்டென்று புரியும். 'காஜா மட்டும்தான் பாக்கி சார்' என்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான வாக்கியம் இல்லை. அமெரிக்காவில் மோன்டானா, ஐடஹோ பக்கம் அதே வாக்கியம் வேறு வேஷத்தில் உலாவுகிறது: 'கட்டைக்கு அடிச்ச எண்ணெய் காயறதுதான் பாக்கி!' சொல்கிறவர் கன்ஸ்மித். நம் பாஷையில் துப்பாக்கி ஆசாரி.

இலையுதிர்காலம் வந்தால் அங்கே ஆபீஸ் ஆசாமிகள் பலர் லீவ் போட்டுவிட்டு, மாநில அரசிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலோர் கையில் இருப்பது கடையில் வாங்கிய ரெடிமேட் ரைஃபிள். சிலர் மட்டும் வருஷக்கணக்கில் காசு சேர்த்து, பல ஆயிரம் டாலர் கொடுத்து, தன் கைக்கும் தோளுக்கும் அளவெடுத்து ஒன்று செய்துகொள்கிறார்கள். ஒரு பழைய கார் வாங்குகிற பணம். பெண்டாட்டியிடம் முழுத்தொகையையும் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று விசாரிக்காமல் இருப்பது நாகரிகம்.

(நம் ஊரில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991-ல் வந்த திருத்தமும் சேர்ந்து பொழுதுபோக்கு வேட்டையை மூட்டை கட்டிவிட்டன. இதைப் படித்துவிட்டு யாரும் முதுமலைக்கு பஸ் ஏற வேண்டாம்.)

முதலில் 'போல்ட் ஆக்‌ஷன்' என்றால் என்ன? வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். பிடியை மடக்கினால் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். ஜெர்மனியின் பால் மவுசர் 1898-ல் கொடுத்த டிசைன்தான் இன்றைக்கும் பலவற்றுக்குத் தாத்தா. அமெரிக்க ராணுவமே 1903 ஸ்பிரிங்ஃபீல்டில் அதைத் தழுவிக்கொண்டு, கடைசியில் மவுசர் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் ராயல்டி கட்ட வேண்டியதாயிற்று.

தாழ்ப்பாள்தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். .30-06 என்று ஒரு தோட்டா, 1906-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அது வெடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறலாம். உங்கள் ஸ்கூட்டர் டயரில் இருப்பது முப்பது சொச்சம். அந்த அறுபதாயிரத்தை அடக்குகிற தாழ்ப்பாள் உங்கள் கன்னத்துக்குச் சில அங்குலம் தள்ளி இருக்கிறது! தோட்டா உட்காருகிற அறைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடினாலே பித்தளைக் கூடு கிழியக்கூடும். எனவே, ஆசாரியைத் தேர்ந்தெடுப்பது பெருமைக்கான விஷயம் மட்டும் இல்லை. கண், கன்னம் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, ஆளை எப்படிப் பிடிப்பது?

முதல் விதி: அவர் உங்களை எத்தனை கேள்வி கேட்கிறார் என்று எண்ணுங்கள். 'என்ன மிருகம்? எவ்வளவு தூரம்? மலை ஏறுவீங்களா, ஜீப்பிலேயே போவீங்களா? இடது கையா, வலது கையா? குளிர்ல தடிமனா கோட்டு போடுவீங்களா?' என்று குடைந்தால் நல்ல ஆள். கோட்டுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பின்கட்டையின் முனையிலிருந்து விசை வரை உள்ள நீளம், ரெடிமேட் ரைஃபிள்களில் சுமார் 13½ அங்குலம். ஆறடி ஆளுக்கு அது குட்டை. குள்ளமான ஆள் கம்பளிக்கோட்டு போட்டால் அதுவே நீளம். ஒன்றும் கேட்காமல் 'அட்வான்ஸ் எவ்வளவு தர்றீங்க?' என்று ஆரம்பித்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இரண்டு: அவருக்கு எது கைவந்த கலை என்று பாருங்கள். குழலை இவர் செய்வதில்லை. அதற்கென்று இருக்கிற கம்பெனிகளிடம் வாங்கி, தோட்டா அறையைக் குடைந்து பொருத்துவதுதான் பெரும்பாலும் இவர் வேலை. ஒருத்தர் இரும்பில் புலி, ஒருத்தர் மரத்தில் புலி. ரெண்டிலும் புலியாக இருப்பவர் அபூர்வம். நியூயார்க்கில் சீமோர் கிரிஃபின் என்ற தச்சரும் ஜேம்ஸ் ஹௌ என்ற இரும்புக்காரரும் 1923-ல் சேர்ந்து 'கிரிஃபின் அண்டு ஹௌ' கம்பெனியைத் தொடங்கியதற்குக் காரணமே இதுதான். ஹௌ சில மாதங்களிலேயே கழன்றுகொண்டார். பெயர் மட்டும் கழலவில்லை. ஹெமிங்வே அங்கே ரைஃபிள் வாங்கியவர்களில் ஒருவர்.

இன்னொரு வகை ஆசாரி உண்டு: போட்டிக்காரர்களுக்குச் செய்பவர். மேஜை மேல் வைத்துச் சுட்டால் ஒரே ஓட்டையில் அஞ்சு குண்டு போகும். ஆனால், அந்த இறுக்கமான அறையில் துளி மண் விழுந்தால் போல்ட் மூடாது. காட்டில் மண் இருக்கும், சார். வேட்டைக்கு 100 கஜத்தில் ஓர் அங்குல வட்டத்துக்குள் மூணு குண்டு விழுந்தால் தாராளம்.

மூன்று: அவர் புதிதாகச் செய்து பளபளவென்று மாட்டி வைத்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் செய்துகொடுத்த ஒன்றைத் தேடிப்போய்ப் பாருங்கள். வால்நட் மரம் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும். சரியாக உலராத மரமாக இருந்தால் குழலைத் தள்ளும். குண்டு வேறு எங்கோ போகும். போன வருஷம் நேராகச் சுட்டது, இந்த வருஷம் பக்கத்து ஊருக்குச் சுடும். வைத்திருப்பவரிடம், 'மறுபடியும் இவர்கிட்டேயே செய்வீங்களா?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் பதில்.

நான்கு: காலித் தோட்டாக்களை நிரப்பி போல்ட்டை மெதுவாக இழுங்கள்; வேகமாக இழுங்கள்; துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்தும் இழுங்கள். எப்படி இழுத்தாலும் தோட்டா சிக்காமல் போக வேண்டும். அடுத்தது விசை. சினிமா ஹீரோ மாதிரி தொட்டால் வெடிக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். குளிரில் மரத்த விரல், மேலே கையுறை. சுமார் 3 பவுண்டாவது அழுத்தினால்தான் வெடிக்க வேண்டும். அதற்குக் கீழே இறக்கச் சொன்னால் மறுக்கிறவர்தான் உங்கள் ஆள்.

ஐந்து: எழுதி வாங்குங்கள். எந்தத் தோட்டா, என்ன எடை, எந்த மரம், எவ்வளவு பணம், எப்போது கிடைக்கும் எல்லாம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு 1968-ஆம் வருஷச் சட்டப்படி மத்திய அரசு லைசென்ஸ் வேண்டும். அதையும் பார்த்துவிடுங்கள். நல்ல ஆசாரிகள் பலர் வயசானவர்கள். க்யூவில் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் நிற்க வேண்டிவரும். வேலை பாதியில் நிற்கும்போது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பட்டறையில் கிடக்கிற குழல் யாருடையது என்று காகிதம்தான் சாட்சி சொல்லும். காகிதம் இல்லாவிட்டால் வாரிசுகளும் வக்கீலும் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் நல்ல உதாரணம் ஜாக் ஓ'கானர். 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையில் துப்பாக்கிப் பகுதி எழுதியவர். அவர் நினைத்திருந்தால் எந்தக் கம்பெனியும் வாசலில் நின்றிருக்கும். ஆனாலும், கடையில் விற்கிற வின்செஸ்டர் மாடல் 70-ஐ ஸ்போகேன் நகரத்து ஆல் பீசன் என்ற ஆசாரியிடம்தான் கொடுத்துச் சீர் செய்துகொண்டார். தோட்டா .270, பிரும்மாண்டமான யானைத் தோட்டா அல்ல. உதை குறைவு, அதனால் பயம் குறைவு, அதனால் குறி சுத்தம். பெரிய துப்பாக்கி கேட்டு வருகிற பையனிடம், 'வேண்டாம் தம்பி, விசையை அழுத்தும்போது கண்ணை மூடிக்குவே' என்று சொல்கிற ஆசாரி, தனக்கு வரவேண்டிய காசை விட்டுக்கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்கிறார்.

நம்ம ஜிம் கார்பெட்டுக்கும் இதே கதைதான். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரைஃபிள் லண்டன் ரிக்பி செய்தது, மவுசர் போல்ட் வைத்த .275. பார்த்தால் ஒல்லிப்பிச்சான். ஆனால், அது எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியும், நம்பினார்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். தையல்காரர் சொதப்பினால் சட்டை ஒரு பக்கம் தூக்கும், ஆபீஸில் நாலு பேர் சிரிப்பார்கள், பிரித்துத் தைத்துவிடலாம். துப்பாக்கி ஆசாரி சொதப்பினால் குண்டு நாலு அங்குலம் தள்ளிப் போகும். வயிற்றில் காயத்தோடு ஒரு மான் புதருக்குள் ஓடும். அங்கே சாக ராத்திரி முழுக்க ஆகும்.

அதைப் பிரித்துத் தைக்க முடியாது. தெரிந்த ஆசாரி அதனால்தான் லேட் பண்ணுகிறார். 'எண்ணெய் காயறதுதான் பாக்கி' என்றால் காயட்டும், விடுங்கள்.