கப்பல் போயிற்று, சொல் போகவில்லை

நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த பழம்பகுதிக்கு மக்கள் வழங்கும் பெயர் 'டவுண்'. பொருநைக் கரையூரின் பெயரில் அயற்சொல் வாலாய் ஒட்டியிருப்பதை இழிவெனக் கருதுவார் அரியர். இதனினும் தீயதொரு சொல்லைப் பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருச் செய்கின்றனர். 1498-இல் வாசுகோ தகாமா இந்தியாவிற்குக் கடல்வழி 'கண்டுபிடித்தான்' என்பதே அது.

ஆப்பிரிக்கத் தென்முனையைச் சுற்றி வந்தது அருஞ்செயலே, மறுப்பாரில்லை. ஆயின் கீழைக்கரை மலிந்தித் துறையில், வழியறிந்த மீகாமன் ஒருவனை ஏற்றிக்கொண்ட பின்னரே அவன் கலங்கள் கோழிக்கோட்டை அடைந்தன. பருவக்காற்றின் போக்கை அக்கடலோடிகள் பன்னூறாண்டுகளாய் அறிந்திருந்தனர். பொருநை முகத்துக் கொற்கையைக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்குறிப்பு 'கொல்கொய்' எனக் குறித்தது. கொற்கை தூர்ந்தபின் தழைத்த காயலை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்தெழுதினான். காமா அடைந்தது ஐரோப்பியர் அறியாத வழி. உலகம் அறியாத வழியன்று.

வந்தவர் வாணிகத்தோடு அமையவில்லை. 1502-இல் மீண்டும் வந்த காமா, மக்காவினின்று திரும்பியோர் கப்பலை மக்களோடு எரித்தான். முத்துக்குளிப்புப் பூசலில் காப்பு வேண்டிய பரதவர், 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்திரளாய்க் கிறித்தவராயினர். பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயல் போர்த்துக்கீசியர் இருக்கையாயிற்று. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்ற, அவர்தம் ஆட்சி ஒழிந்தது. ஆயினும் திறவுகோல் 'சாவி'யாகவும், பலகணி 'சன்ன'லாகவும், நிலைப்பேழை 'அலமாரி'யாகவும் தமிழர் வீட்டில் இன்றும் உள்ளன. அவற்றின்மேல் ஆங்கிலன் சொற்களும் படிந்தன.

அப் போர்த்துக்கீசியருள் ஒருவர் செயல் தமிழரை நாணுறுத்துவது. அண்டிரிக்கு அடிகளார் தம் சமயம் பரப்பவே வந்தார். எனினும் முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழைக் கற்றார். தம் மொழியில் தமிழுக்கு இலக்கணம் வரைந்தார். அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழிகளுள் தன் எழுத்தில் முதற்கண் அச்சேறிய பெருமை இதனாற் தமிழுக்கு வாய்த்தது.

அயலார் தம் நோக்கம் நிறைவேறத் தமிழைக் கற்றனர். தமிழன் எந்நோக்கம் நிறைவேறத் தமிழை விடுகின்றான்?

பள்ளிப் பொத்தகங்களில் 'கண்டுபிடித்தான்' என்பது 'ஐரோப்பியர் வந்துசேர்ந்தனர்' எனத் திருத்தம் பெறல் வேண்டும். 'டவுண்' என்பது 'நெல்லை நகர்' ஆதல் வேண்டும். இதற்கு எவர் ஒப்புதலும் வேண்டா; பேருந்தில் ஏறுவோர் நாவே போதும். அயலார் கப்பல்கள் தாமே அகன்றன. அவர் சொற்கள் தாமே அகலா. அவற்றை அகற்றுதல் தமிழர் கடன்.