கார் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்குவது?

முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவுக்குச் செல்லும் முக்குளிப்புப் படகுகளில் புதிதாக வருவோர் சுறாவைப் பற்றிக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்பது இதுதான்: "கார் சாவியை எங்கே வைப்பது?" ஆய்வின் பொருட்டு அப்படகுகளில் பலமுறை செல்ல நேர்ந்த எனக்கு, இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை இன்றுவரை ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பெரும்பாலும் படகுக்காரர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டுகிறார். இருபது பேரின் சாவிகளும் கைப்பேசிகளும் பணப்பைகளும் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அருகிலேயே "பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்னும் பலகை.

பெங்களூருவிலிருந்து ஏறக்குறைய 500 கி.மீ. இரவெல்லாம் காரோட்டி வருபவர்களே இங்கு மிகுதி. கரையில் காரை நிறுத்திவிட்டு, சுமார் 19 கி.மீ. தொலைவிலுள்ள தீவுக்குப் படகேறுகிறார்கள். அரைநாளுக்கு மேல் அந்த வண்டியைப் பார்க்க ஆளில்லை. ஆகவே சாவி குறித்த கவலையை அற்பமானதென்று ஒதுக்குவதற்கில்லை.

சாவியை உடலோடு வைத்துக்கொண்டு நீரில் இறங்கினால் என்ன என்று கேட்கலாம். பழைய காலத்து வெறும் உலோகச் சாவியானால் தாராளமாக இறங்கலாம்; மேலேறியதும் நன்னீரில் அலசினால் போதும். இன்றைய சாவி அத்தகையதன்று. அதற்குள் ஒரு மின்சுற்று, ஒரு சிப், 3 வோல்ட் பட்டன் பேட்டரி. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உள்ளே ஒரு துளி புகுந்து பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் செம்புத்தடங்கள் அரிபடத் தொடங்கும். வெயிலில் காயவைத்த பிறகு ஒருநாள் வேலை செய்து, மறுவாரம் செயலிழக்கும் சாவிகளும் உண்டு. மாற்றுச் சாவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆவதோடு, காரையும் உரிமைச் சான்றுகளையும் நிறுவனத்திடம் கொண்டுசென்று புதுச்சாவியைப் பதிவுசெய்தாக வேண்டும். விடுமுறை நாளில் முருடேஸ்வரத்தில் நின்றுகொண்டு இதைச் செய்வது எளிதன்று.

"நீர் புகாதது" என்று அச்சிட்ட பைகளை நம்பி இறங்குவோரும் இருக்கிறார்கள். ஐ.பி.67 என்னும் தரக்குறி, 1 மீட்டர் ஆழத்தில் அசையாத நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முதன்முறை முக்குளிப்போருக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் 12 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2.2 மடங்கு. மெல்லிய பைக்குள் அடைபட்ட காற்று அங்கே பாதிக்கும் குறைவாகச் சுருங்க, பை சாவியோடு ஒட்டி இறுகும். மடிப்பில் சிறு பிளவிருந்தாலும் நீர் உள்ளே தள்ளப்படும். ஆழத்திற்கென்றே செய்த கடினப் பெட்டி தாங்கும். ஆனால் அதன் ஓ-ரிங்கில் ஒரு தலைமயிரோ மணற்துகளோ சிக்கினாலும் பயனில்லை. ஒவ்வொரு முறையும் துடைத்து, சிலிக்கான் பசை தடவி மூடும் பொறுமை உள்ளவர்களுக்கே அது உரியது.

பொருள் நட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நீருக்கடியில் மனம் இரண்டாகப் பிரிவது ஆபத்து. சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்ப்பவர் காற்றுமானியைப் பார்க்க மறக்கிறார். பதற்றத்தில் மூச்சு விரைய, சிலிண்டரும் விரைவில் காலியாகிறது. சாவி நழுவிவிட்டாலோ, அதைத் துரத்திக் கீழே பாயும் எண்ணம் இயல்பாக எழும். உடன்வரும் பயிற்றுநர் பிடித்து நிறுத்துவார் என்பதுதான் அப்போது ஒரே பாதுகாப்பு.

சாவியைச் சக்கரத்தின்மேல் ஒளித்துவைக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த இடம் திருடருக்கும் தெரியும். மேலும், வண்டியைக் காக்க உரிமையாளர் தக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்பது மோட்டார் காப்பீட்டின் பொது நிபந்தனை. திருட்டுக்கு இழப்பீடு கோரினால் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரு அசல் சாவிகளையும் கேட்கின்றன. ஸ்மார்ட் சாவியைக் காருக்குள் வைத்துப் பூட்டவும் பல வண்டிகள் இடங்கொடா. அலுமினியத் தாளில் சுற்றி ஏமாற்றலாம் என்கிறார்கள். கண்ணாடியை உடைப்பவனுக்கு அது வண்டியையே பரிசளிப்பதாக முடியும்.

ஆக, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துச் செல்வதே வழி. அந்த ஒருவர் யார் என்பதில்தான் எனக்கு முரண்பாடு. பல ஆயிரம் ரூபாய் கட்டணம் பெறும் முக்குளிப்பு நிலையம், தன் வாடிக்கையாளர் கைகளில் எதையும் வைத்துக்கொள்ள முடியாத நிலையை உண்டாக்குவதே தன் தொழில் என்பதை அறியும். அப்படியிருக்க, பொறுப்பைத் துறக்கும் பலகை ஒன்றை மாட்டிவிட்டு விலகிக்கொள்வது முறையாகுமா?

சட்டமும் அவ்வளவு எளிதில் விலகவிடுவதாகத் தெரியவில்லை. ஒருவர் ஒப்படைத்த பொருளை, இயல்பான அறிவுடைய ஒருவன் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்கவேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. 1998இல் டில்லி தாஜ்மகால் ஓட்டலில் ஊழியரிடம் விடப்பட்ட ஒரு மாருதி ஜென் காரை, மேசைமேல் இருந்த சாவியை எடுத்து ஓட்டிச்சென்றுவிட்டார்கள். "உரிமையாளர் பொறுப்பிலேயே" என்று சீட்டில் அச்சிட்டிருந்தும், தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு ஓட்டல் பொறுப்பேற்றாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே வண்டியையே ஓட்டல் ஏற்றுக்கொண்டது. இங்கே சாவியை மட்டும். ஆகவே அத்தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று வாதிட நான் முனையவில்லை. எனினும், கைநீட்டி வாங்கிய சாவியை வாளியில் எறிவது இயல்பான அறிவுடையவன் செய்யும் காவலா என்ற கேள்வி நிற்கிறது.

தீர்வு செலவு மிக்கதன்று. கரையிலுள்ள அலுவலகத்தில் எண்ணிட்ட பூட்டறைகள், இன்ன பொருள் பெற்றோம் என்ற சீட்டு, பூட்டறைச் சாவியாக மணிக்கட்டில் கட்டிக்கொள்ளத்தக்க ஒரு சாதாரண உலோகச் சாவி. நீரில் அது நனைந்தால் கேடில்லை. படகுக்கு எதுவும் வரவேண்டியதே இல்லை. ஆஸ்துமாவுக்கான மருந்துபோலக் கையருகே இருக்கவேண்டியவை தவிர.

தாலியைக் கழற்றச் சொல்லி வற்புறுத்தும் பயிற்றுநர்களுக்கும் ஒரு சொல். அதை வெட்சூட்டுக்குள் விட்டு ஜிப்பை ஏற்றிவிட்டால் எதிலும் சிக்காது. மோதிரத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவருவது நன்று. நெடுநேரம் நீரில் குளிர்ந்த விரல் சற்றே சுருங்கும், அது நழுவுவது தெரியாது.

மழைக்காலம் முடிந்து அக்டோபரில் படகுகள் மீண்டும் புறப்படும். முன்பணம் அனுப்புமுன் தொலைபேசியில் பூட்டறை உண்டா, சீட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள். "வாளி இருக்கிறது" என்றால் அடுத்த நிலையத்தை அழையுங்கள்.