கடனைக் கடனால் பெருக்கினால்...

கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நம்மைப் பார்த்து, "தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று விசாரிப்பார். "பள்ளிக்கூட உபாத்தியாயர்" என்போம். அவர் முகம் மலரும். "என்ன பாடம்?" என்பார். "கணக்கு" என்போம். மலர்ந்த முகம் உடனே சுருங்கிவிடும். "அடாடா! எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம், ஸார்!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பாயசத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பிக் கொள்வார்.

இதில் ஒரு விஷயம் நமக்கு விளங்குவதே இல்லை. "எனக்கு எழுதப் படிக்க வராது" என்று சபை நடுவில் சிரித்துக்கொண்டே சொல்லுகிற மனிதரை நாம் கண்டதில்லை. "தமிழ் வராது" என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களை வேறொரு வாரம் கவனித்துக் கொள்வோம். ஆனால் "கணக்கு வராது" என்பதை மட்டும் பெரியவர், சிறியவர், படித்தவர், படியாதவர் எல்லோருமே ஒரு பதக்கத்தைப் போல் மார்பில் குத்திக்கொள்கிறார்கள்.

சற்றுத் துருவிக் கேட்டால் உண்மை வெளியாகும். ஐந்தாம் வகுப்பு வரையில் அவருக்கும் கணக்குக்கும் நல்ல சிநேகந்தான். ஆறிலோ ஏழிலோ ஒரு நாள் ஏதோ நேர்ந்தது. அன்று முதல் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது.

அந்த "ஏதோ" நேருகிற இடத்தில்தான் நாம் இருபது வருஷமாக ஜீவனம் செய்து வருகிறோம். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளும் கணித ராஜ்யத்தின் சுங்கச் சாவடி மாதிரி. அதுவரையில் எண் என்பது விரலில் அடங்கும். புளியங்கொட்டையாகத் தரையில் பரப்பி எண்ணலாம். இந்தச் சாவடியைத் தாண்டினால், ஒன்றுக்கும் குறைந்த எண் வருகிறது. பிறகு ஒன்றுமில்லாததற்கும் குறைந்த எண் வருகிறது. கடைசியில் எண் இருக்கவேண்டிய ஸ்தானத்தில் ஓர் எழுத்து வந்து சட்டமாக உட்கார்ந்து கொள்கிறது. குழந்தை திகைத்து நிற்பதில் என்ன ஆச்சரியம்?

சமீபத்தில் ஒரு நாள் காலை ஆறாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டிக் கொண்டிருந்தோம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஒரு பையன் கரும்பலகைக்கு வந்து, மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி, 2/5 என்று கம்பீரமாக எழுதினான். வருஷந்தோறும் நாம் சந்திக்கிற பழைய நண்பன் இந்த 2/5. "தப்பு, போய் உட்கார்" என்று சொல்ல வாயெடுத்தோம். என்ன தோன்றிற்றோ, "எப்படியடா வந்தது?" என்று கேட்டுவிட்டோம்.

"கோலி விளையாடும்போது, ஸார், முதல் ஆட்டத்தில் இரண்டு தடவை அடித்தேன், ஒன்று பட்டது. அடுத்த ஆட்டத்தில் மூன்று தடவை அடித்தேன், ஒன்று பட்டது. மொத்தம் ஐந்தில் இரண்டுதானே, ஸார்?"

நாம் சாக்குக் கட்டியை மேஜைமேல் வைத்துவிட்டோம். பையன் சொன்னது முற்றிலும் வாஸ்தவம்! கோலிக் கணக்கு அப்படித்தான். அவன் தப்பான கணக்கைப் போடவில்லை. வேறொரு கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறான். இதை ஒப்புக் கொண்ட பிறகுதான் நமக்கு அடுத்த வார்த்தை பேச யோக்கியதை ஏற்பட்டது.

"சரி, கோலி வேண்டாம். உன் அம்மா வார்த்த அடையில் பாதியைத் தின்கிறாய். அதே அளவுள்ள இன்னொரு அடையில் மூன்றில் ஒரு பங்கையும் தின்கிறாய். மொத்தம் 2/5 அடை தின்றதாகச் சொல்லுகிறாயே, 2/5 என்பது பாதிக்குக் கூடவா, குறைவா?"

பையன் யோசித்தான். ஐந்தில் பாதி இரண்டரை. "குறைவு, ஸார்."

"அப்படியானால், அரை அடை தின்றவன் மேலும் தின்றதனாலே, அரை அடைகூடத் தின்னாதவனாக ஆகிவிட்டானா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது; பையனும் சேர்ந்து சிரித்தான். அவ்வளவுதான், 2/5 செத்தது. ஆறு பாகமாக அடையை வெட்டினால் பாதிக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, ஆகமொத்தம் 5/6 என்பதை அவனே கண்டுபிடித்தான்.

நம்முடைய முன்னோர்களுக்கு இந்தச் சங்கடம் பெரிதாக இருந்திராது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உருப்போட்டவர்கள் ஒன்றை 320 முந்திரியாகப் பகுத்து வைத்திருந்தார்கள். அரை என்றால் 160 முந்திரி. கால் என்றால் 80. மா என்றால் 16. காணி என்றால் 4. மாவும் காணியும் சேர்ந்தால் என்ன? 16-உம் 4-உம் 20 முந்திரி. அதுதான் மாகாணி, அதாவது வீசம், பதினாறில் ஒன்று. 1/20-உம் 1/80-உம் கூடி 1/16 ஆகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது! பொதுப் பகுதி காண்பது என்று நாம் இப்போது பெரிய பெயர் வைத்து மிரட்டுகிற காரியம் அவர்கள் நாவிலேயே இருந்தது. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்தபோது, ரூபாயில் வீசம் என்று சொல்லவும் இடமில்லாமல் போயிற்று. ஆயினும் முந்திரியினால் எல்லாம் முடிந்துவிடாது. 320 மூன்றால் வகுபடுவதில்லை. நமது பையனுடைய மூன்றில் ஒன்றைக் கேட்டால் முந்திரிச் சுவடியும் சற்றுத் தலையைச் சொறியத்தான் வேண்டும்.

காலையில் கிடைத்த இந்த வெற்றியினால் நமக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருக்க வேண்டும். அது இறங்குவதற்கு ஒரு மணி நேரங்கூடப் பிடிக்கவில்லை. இடைவேளையில் ஏழாம் வகுப்பு நோட்டுப் புத்தகங்களைத் திருத்த உட்கார்ந்தோம். மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பெண்ணின் நோட்டு வந்தது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கும் கணக்குகள் பத்து. பெருக்கல் பத்தும் சரி. ஆனால் பத்து விடைகளுக்கும் முன்னால் குறைக் குறி. சிவப்பு மசியால் வரிசையாகப் பத்துக் கோடுகள் கிழித்தோம். கீழே சைபர் போடப் போகும்போதுதான் முந்தின வாரத்து ஞாபகம் வந்தது.

குறை எண்களை நாம் எப்போதும் கடனாகச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். இது நம் தேசத்து வழி. 628-ஆம் வருஷத்திலேயே பிரம்மகுப்தர் தமது "பிரம்மஸ்புட சித்தாந்த"த்தில் மிகையைத் தனம் என்றும் குறையை ருணம் என்றும் வைத்து, ருணமும் ருணமும் பெருக்கினால் தனம் என்று விதி வகுத்திருக்கிறார். இதை நாம் வகுப்பில் மிகுந்த பெருமையோடு எடுத்துச் சொன்னோம். மேல் நாட்டார் இதற்கு ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் தடுமாறினார்கள் என்றும், பிரெஞ்சு மேதை டெக்கார்ட் 1637-இல்கூடச் சமன்பாடுகளின் குறை விடைகளைப் "பொய்" விடைகள் என்று அழைத்தார் என்றும், இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் மாஸெரெஸ் என்பவர் 1758-இல் குறைக் குறியின் உபயோகத்தை ஆட்சேபித்து ஒரு புத்தகமே போட்டார் என்றும் வெளுத்து வாங்கினோம்.

அப்போது அந்தப் பெண் எழுந்திருந்தாள்.

"கடனைக் கடனால் பெருக்கினால் எப்படி, ஸார், சொத்து வரும்? எங்கள் வீட்டில் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினால், கடன் அதிகமாகத்தானே ஆகிறது?"

வகுப்பு சிரித்தது. பாடத் திட்டமோ பின் தங்கியிருந்தது; மாதப் பரீட்சை நெருங்கிக் கொண்டிருந்தது. "அது விதி, அம்மா. குறையும் குறையும் மிகை. மனப்பாடம் செய்துகொள்" என்று சொல்லிவிட்டு நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொண்டோம். அவள் உட்கார்ந்து விட்டாள். அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வகுப்பு அமைதியாக நடக்கிறது என்று நாம் சந்தோஷப்பட்டுக் கொண்டிருந்தோம்!

பத்துத் தப்பும் ஞாபக மறதியினால் வந்தவை அல்ல. மறந்தவள் ஒன்றிரண்டையாவது தற்செயலாகச் சரியாக எழுதியிருப்பாள். பத்தையும் ஒரே மாதிரி எழுதியவள், தான் கண்ணால் கண்டதை நம்பி எழுதியிருக்கிறாள். நம் விதியைவிட அவள் வீட்டு அனுபவம் அவளுக்குப் பெரிது. அதில் என்ன பிசகு?

இன்னும் யோசிக்க யோசிக்க, பிசகு முழுவதும் நம்முடையதே என்று தெளிவாயிற்று. கடனைக் கடனால் யாராவது பெருக்குவதுண்டா? ரூபாயை ரூபாயால் பெருக்கினால் கிடைக்கும் பண்டம் எது? பெருக்கலில் ஓர் எண்தான் கடன். மற்றோர் எண் "எத்தனை தடவை" என்பது. இந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, பிரம்மகுப்தர் முதல் மாஸெரெஸ் வரையில் ஊர்வலம் நடத்தியிருக்கிறோம். பிரம்மகுப்தரும் சைபரைச் சைபரால் வகுத்தால் சைபர் என்று எழுதிச் சறுக்கியவர்தான். ஆகையால் நமது சறுக்கலைப் பற்றி அவர் கோபித்துக் கொள்ளமாட்டார் என்று மனத்தைத் தேற்றிக் கொண்டோம். அந்த நோட்டில் சைபர் போடவில்லை.

மறு நாள் ஏழாம் வகுப்புக்குச் சில துண்டுக் காகிதங்களுடன் போனோம். ஒவ்வொன்றிலும் "மளிகைக் கடை பாக்கி ரூ. 50" என்று எழுதியிருந்தது. முதலில் ஒரு பையனிடம் மூன்று சீட்டுகளைக் கொடுத்தோம். "உன் நிலைமை என்ன?" "150 ரூபாய் கடன், ஸார்." பலகையில் 3 × (−50) = −150 என்று எழுதினோம். பிறகு அவனிடமிருந்து ஒவ்வொரு சீட்டாக வாங்கிக் கிழித்துப் போட்டோம். மூன்றும் போயின.

"இப்போது?"

"கடன் இல்லை, ஸார்."

"முன்பிருந்ததற்கு எவ்வளவு ஏற்றம்?"

"150 ரூபாய், ஸார்!"

"மூன்று சீட்டைக் கொடுத்தால் மிகை மூன்று. மூன்று சீட்டை எடுத்தால் குறை மூன்று. ஆகவே (−3) × (−50) = +150" என்று எழுதினோம். சந்தேகப் பிராணிகளுக்காகப் பக்கத்திலேயே மற்றொரு வழியையும் காட்டினோம். 3 × (−50) என்பது −150. 2 × (−50) என்பது −100. 1 × (−50) என்பது −50. 0 × (−50) என்பது 0. ஒவ்வொரு படிக்கும் 50 ஏறிக்கொண்டே வருகிறதல்லவா? அடுத்த படி (−1) × (−50). இங்கே மட்டும் ஏற்றம் நின்றுபோகக் காரணம் என்ன? +50 தான் வரவேண்டும்.

மூன்றாவது பெஞ்சைப் பார்த்தோம். அந்தப் பெண் எழுந்திருந்தாள். "அப்படியென்றால் இது இன்னொரு கடன் வாங்குவது இல்லை, ஸார். சீட்டைக் கிழிப்பது."

இருபது வருஷ உத்தியோகத்தில் நாம் சொன்ன எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. "ஆமாம், அம்மா, சீட்டைக் கிழிப்பதுதான்" என்றோம். அவள் உட்காரவில்லை.

"யார், ஸார், கிழிப்பார்கள்?"

இந்தத் தடவை வகுப்பு சிரிக்கவில்லை. நமக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. எந்தப் பாட புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அந்த விடை அச்சாகியிருக்கவில்லை. "நல்ல கேள்வி, கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. ஆனால் சீட்டில் எழுதியிருக்கும் தொகை சரியா, வட்டி சரியா என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கும்" என்றோம். அரைகுறையான பதில்தான். அதற்குள் மணி அடித்தது.

சாயங்காலம் நாம் வாசலில் சைக்கிளை எடுக்கும்போது அவள் வந்து நின்றாள். வட்டிக் கணக்கு எந்த வகுப்பில் வரும் என்று கேட்டாள். எட்டாம் வகுப்பு வரையில் காத்திருக்க வேண்டாம், சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்துடன் வரட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

நேயர்களுக்கு நம்முடைய விண்ணப்பம் ஒன்று உண்டு. இன்று இரவு உங்கள் வீட்டுக் குழந்தை தப்பான விடையோடு வந்து நின்றால், "தப்பு" என்பதற்கு முன்னால், "எப்படி வந்தது?" என்று ஒரு தடவை கேளுங்கள். அநேகமாக ஒரு நியாயம் வெளிப்படும். கேட்கத் தவறினால், முப்பது வருஷங் கழித்து அந்தக் குழந்தையும் ஏதாவது ஒரு கலியாணப் பந்தியில் ஏழாம் பொருத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பாயசம் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்.

பின்குறிப்பு: மறு வாரம் வைத்த பரீட்சையில் அந்தப் பெண் பத்துக்கு ஒன்பது வாங்கினாள். போனது எது தெரியுமா? குறை நாலையும் குறை மூன்றையும் கூட்டச் சொல்லியிருந்தோம். "குறையும் குறையும் மிகை" என்று எண்ணி, மிகை ஏழு என்று எழுதிவிட்டாள். நாம் மனப்பாடம் செய்யச் சொன்ன விதி எப்படியோ உள்ளே போய், தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் முளைத்திருக்கிறது. நாளைக்கு முதல் மணி நேரம் ஏழாம் வகுப்புதான். இரண்டு சீட்டுகளை மறக்காமல் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.