செம்பனைத் தோட்டங்களில் நஞ்சுத் தெளிப்பும் தொழிலாளர் உடல்நலமும்: நிலைப்பாட்டு அறிக்கை

2019 மார்ச்சில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள பாசிர் கூடாங் வட்டாரத்தில், சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து கிளம்பிய ஆவியால் பள்ளி மாணவர் பலர் உட்பட 2,700-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரே வாரத்தில் நாடறிந்த அந்தத் துயரத்துக்குக் கிடைத்த கவனம், இதே மாநிலத்தின் செம்பனைத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் மருந்தடித்து, சிறுகச் சிறுக நஞ்சை உடலில் ஏற்றுக்கொள்ளும் தொழிலாளர்க்கும் உரியது என்பதே இவ்வறிக்கையின் நிலைப்பாடு.

லாலாங் முதலிய களைகளை அழிக்கப் பயன்பட்ட பாராகுவாட் இதற்குத் தக்க சான்று. உடலுக்குள் சென்ற பாராகுவாட் நுரையீரலில் சேர்ந்து, மெல்லிய திசுவைத் தழும்பாக்கி மூச்சை அடைக்கிறது. காயம்பட்ட தோல் வழியாகவும் நுழையும் அந்நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. தெளிப்புப் பணியில் இருந்த தோட்டப் பெண்களின் பாதிப்புகளைத் தொழிலாளர் உரிமைக்காக இயங்கும் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அவ்வாண்டே அரசு தடையையும் அறிவித்தது. எனினும் 2006-இல் அது தளர்த்தப்பட்டு, முழுத் தடை 2020 சனவரி முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் சுமையைத் தாங்கியவை தொழிலாளரின் உடல்களே. கொதிக்கும் வெயிலில், முதுகில் கசியும் தெளிப்பானைச் சுமப்பவர் முகக்கவசம் அணியவில்லை என்று அவர்மீதே பழி போடுவது அநீதி.

தடை மட்டும் போதாது. குளோர்பைரிபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் கோலினெஸ்டரேஸை, அதாவது நரம்புச் செய்தி முடிந்ததும் அதைக் கடத்திய வேதிப்பொருளைச் சிதைத்து நரம்பை ஓய்வுக்குக் கொண்டுவரும் நொதியை, முடக்குகின்றன. அந்நொதியின் அளவை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். ஆனால் நஞ்சைத் தொடுவதற்கு முன்பே எடுத்த அளவு கைவசம் இல்லாவிடில், பின்னர் ஏற்பட்ட வீழ்ச்சியை மருத்துவர் உறுதியாகக் கணிப்பது கடினம். கேடுதரும் இரசாயனங்கள் குறித்த 2000-ஆம் ஆண்டு விதிமுறைகள் மருத்துவக் கண்காணிப்பை முதலாளியின் கடமையாக்கியுள்ளன. ஆயினும் குத்தகையாளரிடம் வேலை செய்து தோட்டம்விட்டுத் தோட்டம் மாறும் உள்நாட்டு, வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அக்கடமை சென்று சேராமல் போகும் வாய்ப்பு மிகுதி.

ஆகவே, தெளிப்புப் பணி தொடங்கும் முன்பும் அதன் பின் குறித்த இடைவெளியிலும் பரிசோதனை நடத்தப்பட வேண்டும். முடிவுகள் தொழிலாளருக்குத் தெரிந்த மொழியில், அவர் கையிலேயே இருக்கும் ஏட்டில் பதியப்பட வேண்டும். குத்தகையாளர் பெயரைச் சொல்லித் தோட்ட நிர்வாகம் பொறுப்பிலிருந்து விலகக் கூடாது. பாராகுவாட்டுக்கு மாற்றாகப் பயன்படும் குளுபோசினேட் களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த ஒப்புதல் 2018-இல் முடிந்து விட்டமையால், இங்கு அதன் பதிவும் மறுஆய்வுக்கு உரியது. குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் 2020-க்கு முன் பாராகுவாட் தெளித்து, இன்று வேலையை விட்டு நிற்கும் பெண்களுக்கு அரசு மருந்தகங்கள் கட்டணமின்றி நுரையீரல் பரிசோதனை செய்வதே முதலில் தொடங்க வேண்டிய பணி.